பார்க்காத ஓவியத்துக்காகப் பேசப் போனபோது

நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கி நகரில், சென்ட்ரல் அவென்யூவை ஒட்டிய ஒரு தெருவில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். அந்த அவென்யூதான் இங்கே பழைய ரூட் 66. சிகாகோவில் புறப்பட்டு கலிபோர்னியா வரை போன அந்த நெடுஞ்சாலை 1926இல் பிறந்தது. 1937இல் பாதையை நேராக்கியபோது எங்கள் ஊருக்குள் கிழக்கு மேற்காக சென்ட்ரல் அவென்யூ வழியாக ஓடத் தொடங்கியது. சாலையின் இரண்டு பக்கமும் வரிசையாக, காரில் வருகிறவர்கள் தங்கும் மோட்டல் விடுதிகள் வந்தன. அவற்றில் ஒன்று 1939இல் கட்டிய டி ஆன்சா மோட்டார் லாட்ஜ்.

அந்த மோட்டலை இடிப்பதா, புதுப்பிப்பதா, புதுப்பித்தால் எதை வைத்துக்கொள்வது என்று ஊரில் நீண்ட காலம் பேச்சு நடந்தது. அக்கம்பக்கத்தார் கூட்டங்களுக்கு நானும் போனேன், பேசினேன், கடிதம் எழுதினேன். தொழிலால் நான் கட்டுமானப் பொறியாளர். பழைய சுவர்களையும் ஈரத்தையும் பற்றிக் கொஞ்சம் தெரியும். ஆனால் அந்தக் கூட்டங்களில் நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி கட்டுமானத்தோடு சம்பந்தப்படாதது. உங்கள் ஊரிலும் பழைய கட்டடம் ஒன்றுக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கலாம். அப்போது உதவும் என்றே எழுதுகிறேன்.

முதலில் அந்த மோட்டலின் கதை. கட்டியவர்களில் முக்கியமானவர் சி. ஜி. வாலஸ். ஆல்புகெர்க்கியிலிருந்து மேற்கே சுமார் 240 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஜூனி பெப்லோவில், அதாவது ஜூனி என்ற பழங்குடி மக்களின் ஊரில், கடை வைத்து வணிகம் செய்தவர். ஜூனி மக்கள் வெள்ளியிலும் நீலப்பச்சை டர்க்கைஸ் கல்லிலும் செய்யும் நகைகளை வாங்கி வெளியூர்களுக்கு விற்றார். தன்னிடம் சேர்ந்த நகைகளில் ஒரு பகுதியை 1975இல் ஃபீனிக்ஸ் நகரத்து ஹெர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மோட்டலுக்கு வைத்த பெயர் 18ஆம் நூற்றாண்டில் நியூ மெக்சிகோவை ஆண்ட ஸ்பானிய ஆளுநர் ஒருவருடையது. ஆனால் உள்ளே அலங்காரமெல்லாம் பூர்வகுடிக் கலை. அதில் மிக அரியது கண்ணில் படாத இடத்தில் இருந்தது. டோனி எடாக்கி என்ற ஜூனி ஓவியர் நிலவறைச் சுவர்களில் ஷலாக்கோ ஊர்வலத்தை வரைந்திருந்தார்.

ஷலாக்கோ ஜூனி மக்களின் ஆண்டுச் சுழற்சியில் மிகப் பெரிய நிகழ்வு. நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும். பத்தடி உயரத்துக்கு எழும் ஆறு ஷலாக்கோ உருவங்கள் ஊருக்குள் வந்து, அந்த ஆண்டு புதிதாகக் கட்டிய அல்லது புதுப்பித்த வீடுகளை ஆசீர்வதிக்கும். விடிய விடிய ஆட்டமும் வழிபாடும் நடக்கும். படம் எடுக்கக் கூடாது, ஒலிப்பதிவும் கூடாது. ஒரு காலத்தில் வெளியாரும் ஓரமாக நின்று பார்க்க முடிந்தது. வந்தவர்கள் நடந்துகொண்ட விதத்தால் அந்தக் கதவைப் பெரும்பாலும் சாத்திவிட்டார்கள்.

இந்த ஒரு தகவல் கையில் இருந்தால் போதும், மோட்டல் விவாதம் முழுக்கவும் வேறு மாதிரி தெரியும். ஆனால் கூட்டத்துக்கு வந்த பலருக்கு அது தெரியாது.

ரூட் 66க்கு இணையாக இன்டர்ஸ்டேட் 40 என்ற விரைவுச்சாலை வந்த பிறகு ஊருக்குள் வரும் பயணிகள் குறைந்தார்கள். 1985இல் ரூட் 66 அதிகாரபூர்வமாகவே நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீங்கியது. டி ஆன்சா 1990கள் வரை தாக்குப்பிடித்து மூடியது. நகர நிர்வாகம் 2003இல் இடத்தை வாங்கியது. 2004இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. அதன் பின் வேலியும், பலகை அடித்த சன்னல்களும், வெயிலில் நிறம் போன அந்த உயரமான பெயர்ப்பலகையும்தான் பல வருடங்கள் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தவை.

அந்தப் பெயர்ப்பலகையின் மேல்தான் எல்லாருக்கும் ஆசை. கருத்துக் கேட்புக் கூட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. கட்டடத்தின் படங்களைப் பெரிய அட்டைகளில் ஒட்டி, வருகிறவர்கள் கையில் ஆளுக்குச் சில வண்ணப் பொட்டு ஸ்டிக்கர்களைக் கொடுப்பார்கள். உங்களுக்கு முக்கியமானதன் மேல் ஒட்டுங்கள் என்பார்கள். நான் போன கூட்டம் ஒன்றில் நியான் பலகையின் படம் பொட்டுகளால் மூடியே போனது. சாலை முகப்புக்கு அடுத்த இடம். மரம் வேண்டும், காபிக் கடை வேண்டும், வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்பவற்றின் மேலும் நிறையப் பொட்டுகள். ஓவியங்களுக்கான அட்டையில் படம் இல்லை, ஒரு வரி எழுத்து மட்டும். அதன் பக்கத்தில் சொற்பமாகச் சில பொட்டுகள். யாரையும் குறை சொல்ல முடியாது. சின்ன வயதில் அப்பா அம்மாவோடு காரில் போகும்போது பார்த்த வெளிச்சம் என்று பலகையைக் காட்டி ஒரு பெரியவர் சொன்னபோது குரல் கம்மியது. நிலவறைக்குள் இருப்பதை அந்தக் கூட்டத்தில் இருந்த எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? நானும் இன்றுவரை பார்த்ததில்லை.

அதனால் என் முதல் பாடம் இது. பொட்டு ஒட்டும் முறை, கண்ணுக்குப் பழகியதைத்தான் ஜெயிக்க வைக்கும். உங்களுக்கு முக்கியமானது மறைவாக இருக்கிறது என்றால் பொட்டோடு நிற்காதீர்கள். தனியாக, ஒரு பக்கத்துக்கு மிகாமல், எழுத்தில் கொடுங்கள். பொட்டுகளை எண்ணி ஒரு பட்டியலாக்கிவிடலாம். எழுதிக் கொடுத்த கேள்விக்கு யாராவது பதில் எழுத வேண்டியிருக்கும்.

நான் எழுத்தில் கேட்டதில் முதலாவது கட்டடத்தைப் பற்றியே இல்லை. ஜூனி மக்களிடம் கேட்டாயிற்றா, யார் கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள் என்பதுதான். 'சமூகத்தின் கருத்து' என்று எல்லா அறிவிப்புகளிலும் எழுதுகிறார்கள். எந்தச் சமூகம்? பலகையைப் பார்த்து வளர்ந்த அக்கம்பக்கத்தார் ஒரு சமூகம். சாலை ஓரத்தில் கடை நடத்துகிறவர்கள் இன்னொன்று. ரூட் 66 ரசிகர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் பங்கு உள்ளவர்கள். ஆனால் நிலவறைச் சுவரில் இருப்பது ஒரு மக்களின் வழிபாடு. அதை யார் பார்க்கலாம், படம் எடுத்து விளம்பரத்தில் போடலாமா என்பதில் என் ஓட்டும் ஒரு ஜூனி பெரியவரின் சொல்லும் ஒரே எடையாக இருக்கக் கூடாது. பக்கத்துத் தெருவில் வீடு இருப்பதால் எனக்கு அந்த உரிமை வந்துவிடாது.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது நியாயமான எதிர்வாதமும் வந்தது. வரைந்தவரே ஜூனிக்காரர்தானே, மோட்டலில் வரையச் சம்மதித்தாரே, பிறகு என்ன ரகசியம் என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஜூனி ஊரிலேயே ஒரு பழைய கத்தோலிக்க தேவாலயம் இருக்கிறது. குவாதலூப்பே மாதா பேரில் உள்ளது. அலெக்ஸ் சியோட்டேவா என்ற ஜூனி ஓவியர் 1970இல் தொடங்கி, பின்னர் பிள்ளைகளோடு சேர்ந்து, அதன் உட்சுவர்களில் கச்சினா என்ற, ஜூனி வழிபாட்டில் வரும் தெய்வ ஆவிகளின் உருவங்களை ஆளுயரத்துக்கு வரைந்தார். ஆகவே வரைவது கூடாது என்றோ சுவரில் வரக் கூடாது என்றோ பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எங்கே, யார் கண்ணுக்கு, எந்த நிபந்தனையில் என்பதை அவர்கள் தீர்மானிக்கிறார்கள். ஒரு வணிகர் காலத்தில் கிடைத்த சம்மதத்தை, அவரும் ஓவியரும் போன பிறகு, சொத்தின் புது உரிமையாளருக்கு வந்த அனுமதி என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

ஜூனி மக்களின் இன்னொரு வரலாறும் எனக்குப் பெரிய பாடம். அஹயூடா என்ற மரச்சிற்பங்கள், அவர்களின் இரட்டைப் போர்த் தெய்வங்கள். திறந்த வெளிக் கோயில்களில் வைத்து, வெயிலிலும் பனியிலும் மெல்ல மக்கி மண்ணோடு சேர விட்டுவிடுவார்கள். அப்படி மக்குவதுதான் அவற்றின் கடமை. ஊரின் பொதுவான உடைமை, தனி ஆள் விற்கவோ கொடுக்கவோ முடியாது. அப்படியும் பல சிற்பங்கள் எடுத்துப் போகப்பட்டு அருங்காட்சியகங்களில் சேர்ந்தன. 1978இல் டென்வர் கலை அருங்காட்சியகத்திடம் கேட்கத் தொடங்கி, பிறகு ஸ்மித்சோனியன் உட்படப் பல இடங்களிலிருந்து திரும்பப் பெற்றார்கள். குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் நூறு வருடம் கெடாமல் இருந்ததை வாங்கி வந்து, மறுபடி வெயிலில் வைத்தார்கள். பழையது எதையும் எப்பாடு பட்டாவது அழியாமல் வைக்க வேண்டும் என்பது எல்லா மக்களுக்கும் பொதுவான விருப்பம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. நிலவறை ஓவியங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் மனதார விரும்பினாலும், அதையும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் தெளிவு வேண்டும். கூட்டத்துக்கு ஒரு ஜூனி இளைஞர் வந்து பேசினால் அது அவருடைய கருத்து. ஜூனி பெப்லோ தனக்கென அரசு உள்ள பழங்குடி. அவர்களுக்குச் சொந்தமாகப் பாரம்பரிய, வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. சமயப் பெரியவர்கள் அடங்கிய ஆலோசனைக் குழுவும் இருக்கிறது. அங்கே முறைப்படி எழுத வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், பெரிய விளைவு உள்ளது. இது போன்ற கூட்டம் வார நாளில் மாலை ஆறு மணிக்கு ஆல்புகெர்க்கியில் நடந்தால் ஜூனியிலிருந்து வருகிறவர் இரண்டரை மணி நேரம் காரோட்ட வேண்டும். முடிந்து வீடு திரும்ப நள்ளிரவு ஆகும். மறுநாள் வேலை இருக்கும். அதுவும் டிசம்பரில் வைத்தால் வரவே முடியாது. ஷலாக்கோ முடிந்து குளிர்காலச் சங்கிராந்தியை ஒட்டிப் பத்து நாள் நோன்பு வரும், அந்த நாட்களில் கொடுக்கல் வாங்கல்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். பிறகு 'அழைத்தோம், வரவில்லை' என்று குறிப்பில் எழுதிவிடுவது எளிது. கூட்டத்தை அவர்கள் ஊரில், அவர்கள் சொல்லும் நாளில் வையுங்கள் என்று கேட்பது அக்கம்பக்கத்தாரான நம்மாலேயே முடியும். அவர்களுக்காகப் பேசுவதைவிட அவர்கள் பேச இடம் உண்டாக்கித் தருவது மேல்.

இனி கட்டடம். இதில்தான் என் தொழில் கொஞ்சம் பயன்பட்டது. இந்தச் சாலையில் மோட்டல் நடத்தும் குஜராத்தி அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். ரூட் 66 மோட்டல்கள் பலவற்றை இன்று உயிரோடு வைத்திருப்பது இந்தியக் குடும்பங்கள்தான். எங்கே கட்டடம் சாகும் என்று கேட்டதற்கு அவர் யோசிக்கவே இல்லை, கூரை என்றார். இங்கே பெப்லோ பாணிக் கட்டடங்களுக்குத் தட்டைக் கூரை, சுற்றிலும் கைப்பிடிச் சுவர், தண்ணீர் விழ 'கனாலே' என்ற நீட்டுக் குழாய்கள். ஆல்புகெர்க்கியில் ஆண்டு முழுவதுக்கும் மழை 230 மில்லிமீட்டர் அளவுதான். அதிலும் ஏறக்குறைய பாதி ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியோடு வந்து அரை மணியில் கொட்டிவிட்டுப் போகும். கனாலே ஒன்று புழுதியும் இலையும் சேர்ந்து அடைத்தால் கூரை குளமாகும். ஆள் குடியிருந்தால் ஏணி போட்டு ஏறித் தள்ளிவிடுவார். பூட்டிய கட்டடத்தில் யார் ஏறுவது?

கனாலேயிலிருந்து விழும் நீர் சுவரின் அடியில்தான் விழுகிறது. மண் சரிவு கட்டடத்தை நோக்கி இருந்தால் அது நேராக நிலவறைச் சுவருக்குப் பின்னால் இறங்கும். இந்தப் பாலைமண்ணில் உப்பு அதிகம். நீரில் கரைந்து சுவருக்குள் வந்த உப்பு, பூச்சின் மேல் வந்து உலரும்போது படிகமாகி, வண்ணத்தைப் பின்னாலிருந்து தள்ளி உதிர்க்கும். வறண்ட ஊர் என்பதாலேயே உலர்வதும் வேகம், உதிர்வதும் வேகம். எனவே ஓவியத்தைக் காக்கும் முதல் வேலை ஓவியத்தில் தொடங்குவதில்லை. மேலே கூரையில், வெளியே மண் சரிவில் தொடங்குகிறது. இதற்குப் பெரிய நிதியும் வேண்டாம். திட்டம் முடிவாகும்வரை காத்திருக்காமல் முதல் மழைக்காலத்துக்கு முன்பே செய்யுங்கள் என்று கேட்கலாம்.

பக்கத்தில் இடிக்கும்போது வரும் அதிர்வு அடுத்த ஆபத்து. நொய்ந்த பழைய கட்டடங்களுக்கு வினாடிக்கு 3 மில்லிமீட்டர் அளவைத் தாண்டாமல் அதிர்வை வைப்பது பொறியாளர்கள் பின்பற்றும் எச்சரிக்கையான வரம்பு. அளவியைச் சுவரில் பொருத்தி, வரம்பு தொட்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் களத்தில் உள்ள ஒருவருக்கு ஒப்பந்தத்திலேயே கொடுத்திருக்க வேண்டும். 'கவனமாக இடிப்போம்' என்ற வாக்குறுதிக்கும் இதற்கும் நிறைய தூரம். தீயணைப்புத் தெளிப்பான் குழாய் ஓவியச் சுவரை ஒட்டிப் போகிறதா, குளிர்காலத்தில் நிலவறையில் வெப்பத்தை அணைத்துவிடுவார்களா, மேலே குளியலறை வருகிறதா? வரைபடத்தைக் கேட்டு வாங்கி விரலை வைத்துக் காட்டிக் கேளுங்கள். பதில் சொல்கிறவர் வரைபடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டி வரும்.

சட்டத்தில் பலரும் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. தேசியப் பதிவேட்டில் சேர்ந்துவிட்டதே, இனி யாரும் தொட முடியாது என்று நினைக்கிறார்கள். அந்தப் பதிவு மட்டும் தனியார் உரிமையாளர் இடிப்பதைத் தடுக்காது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ளே வந்தால் 1966ஆம் ஆண்டு தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவுப்படி பாதிப்பை ஆராய்ந்து, பழங்குடி அரசுகளையும் கலந்தாலோசிக்க வேண்டும். மத்தியப் பணமும் அனுமதியும் இல்லை என்றால் அந்தக் கடமையும் இல்லை. வரலாற்றுக் கட்டடத்தை முறைப்படி புதுப்பித்து வருமானத்துக்குப் பயன்படுத்தினால் செலவில் 20 சதவீதம் வரிச் சலுகை உண்டு. ஆனால் பெரும்பகுதியை இடித்துவிட்டு அதைக் கேட்க முடியாது. ஆகவே கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தத் திட்டத்தில் யாருடைய பணம் இருக்கிறது என்பது. எந்தக் கதவைத் தட்டலாம் என்பது அந்தப் பதிலில்தான் தெரியும். நிலம் நகர நிர்வாகத்தின் கையில் இருக்கும்போதே நிபந்தனைகளை விற்பனைப் பத்திரத்தில் எழுதச் சொல்வது மிக வலுவான வழி. கை மாறிய பிறகு நம்மிடம் மிஞ்சுவது வேண்டுகோள் மட்டும்.

இதையெல்லாம் சொல்லக் கூட்டத்தில் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். ஆட்களைத் திட்டுவதிலும் பழைய நினைவிலும் அந்த நேரம் கரைவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் ஒரு விஷயம் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்வது எங்களுக்குக் கைகொடுத்தது. பலகையைப் பற்றி ரூட் 66 ஆர்வலர், கூரையைப் பற்றி நான், ஜூனி பெப்லோவுக்கு எழுதியாயிற்றா என்று கேட்க மூன்றாவது ஒருவர். கோபமாகப் பேசுவதைவிட, பதில் எந்தத் தேதிக்குள் வரும் என்று கேட்பது வேலை செய்கிறது.

சென்னையில் இருக்கும் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: நீயும் பார்க்கப் போவதில்லை, ஊர்க்காரர்களும் பார்க்கப் போவதில்லை, பிறகு எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? தஞ்சைப் பெரிய கோயிலை நினைத்துப் பாருங்கள் என்றேன். கருவறையைச் சுற்றிய இருண்ட உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் இருந்த சோழர் ஓவியங்களை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பொதுமக்களை அங்கே விடுவதில்லை. நம்மில் மிகப் பலர் நேரில் பார்க்காமலேயே இருப்போம். அதற்காக அவை உதிர்ந்து போகட்டும் என்று யாராவது சொல்வோமா? அங்கே கதவை மூடி வைப்பது ஓவியம் கெடாமல் இருக்க. இங்கே அதோடு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன்.

டி ஆன்சா கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மோட்டலின் பெரும்பகுதி போய்விட்டது. அந்த இடத்தில் புதிய குடியிருப்புகள் வந்தன. பெயர்ப்பலகை நிற்கிறது. ஓவியங்கள் உள்ள பகுதியை இடிக்கவில்லை. அறைகளின் வரிசை போனதில் எனக்கு வருத்தம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். முழுக் கட்டடமும் நின்று மறுவாழ்வு பெற்ற எடுத்துக்காட்டு இதே சாலையில் இருக்கிறது. 1937இல் கட்டிய எல் வாடோ மோட்டல், இடிக்கும் திட்டத்திலிருந்து தப்பி, நகர நிர்வாகம் தலையிட்டு, 2018இல் மறுபடி விருந்தினரை ஏற்றது. ஆனாலும் இரண்டில் ஒன்றுதான் என்றால், அறைகளைவிட அந்தச் சுவர்கள் தப்பியதே எனக்குப் பெரிது.

2026இல் ரூட் 66க்கு நூறு வயது. நூற்றாண்டை ஒட்டிப் பழைய மோட்டல்கள் மேல் பார்வையும் பணமும் திரும்பும். கூட்டங்களும் நடக்கும். அப்படி ஒன்றுக்குப் போனால், பேசி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். கூட்டக் குறிப்பு எப்போது வெளியாகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், வந்ததும் வாங்கிப் படியுங்கள். 'பார்வையாளர்கள் ஓவியங்களில் ஆர்வம் தெரிவித்தனர்' என்று உங்கள் கேள்வி சுருங்கியிருந்தால், நீங்கள் கேட்டதை அப்படியே எழுதி, தேதி போட்டு, குறிப்பில் சேர்க்கச் சொல்லி அனுப்புங்கள். ஒரு நகலை ஜூனி பாதுகாப்பு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.